பக்கத்து வீட்டுப் பிள்ளை

சென்ற தை மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கல்யாண வீட்டில் நமக்கு எத்தனை ஜோலி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சம்பந்தியம்மாள் கட்டியிருப்பது காஞ்சிபுரமா ஆரணியா, நாத்தனார் காதில் மின்னுவது வைரமா வெறும் கல்லா, பாயசத்தில் பால் அதிகமா தண்ணீர் அதிகமா என்று ஆராய்ந்து முடிவதற்குள் முகூர்த்தம் வந்து விடுகிறது! அன்றும் அப்படித்தான். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று யாரோ குரல் கொடுக்க, தவில் முழங்கிற்று. எல்லோரும் அட்சதையோடு கையைத் தூக்கினோம். அதே சமயம் பின் வரிசையிலிருந்து ஓர் அலறல் கிளம்பியது.

திரும்பிப் பார்த்தேன். ஆறு ஏழு வயதுப் பையன். இரண்டு காதுகளையும் கையால் அழுத்திக் கொண்டு தரையில் புரண்டு கொண்டிருந்தான். அவனுடைய அம்மா பட்டுப் புடவை கசங்குவதையும் பாராமல் அவன் பக்கத்தில் மண்டியிட்டு, அவன் தலை நாற்காலிக் காலில் மோதாதபடி கையைக் கொடுத்திருந்தாள்.

சுற்றியிருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? "ஒரே பிள்ளை, செல்லம் கொடுத்துக் குட்டிச் சுவராக்கி விட்டாள்" என்றார் ஒரு பெரியம்மா. "அம்மா வேலைக்குப் போகிறாள், செல்போனைக் கையில் கொடுத்து உட்கார்த்தி வைத்தால் வேறு என்ன ஆகும்?" என்றாள் இன்னொருத்தி. "என் கையில் நாலு நாள் விடட்டும், சரிப்படுத்துகிறேன்" என்று மூன்றாவதாக ஒரு வீராங்கனை!

நான் ஒன்றும் பேசவில்லை. ஆனால் பார்த்தேன். அந்தப் பார்வை எப்படிப்பட்டது என்று பத்து நாள் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது.

அந்தத் தாயார் எனக்கு அந்நியமில்லை. எங்கள் குடியிருப்பில் எனக்கு நேர் மேல் மாடியில் இருப்பவள். ஒரு நாள் சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போன இடத்தில் அவளைப் பார்த்தேன். "குழந்தை சௌக்கியமா?" என்று கேட்டேன். அவள் கொடியிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மடித்துக் கொண்டே சொன்னாள்: "அவனுக்கு ஆட்டிஸம், அக்கா. டாக்டர் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. சொன்ன அன்றைக்குக்கூட நான் இப்படி அழவில்லை. கல்யாணத்தில் நாலு பேர் பேசுவார்கள் என்று தெரிந்துதான் வந்தேன். ஆனால் நீங்களும் திரும்பி அப்படிப் பார்த்தீர்களே! நீங்கள் பத்திரிகையில் எழுதுகிறவர்கள், உங்களுக்காவது தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்."

எனக்குத் தெரிந்திருக்கவில்லை, சகோதரிகளே. பெயரைக் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். அன்று முதல் படித்தும் கேட்டும் தெரிந்து கொண்டதை உங்களுக்குச் சொல்லவே இந்த வாரம் இந்தப் பக்கம்.

முதலில், ஆட்டிஸம் என்றால் என்ன? அது தொத்து வியாதி அல்ல, பைத்தியம் அல்ல, பிடிவாதமும் அல்ல. பிறக்கும்போதே மூளை வளரும் விதத்தில் உள்ள ஒரு வேற்றுமை. அந்தக் குழந்தைக்கு மற்றவர்களோடு முகம் கொடுத்துப் பேசிப் பழகுவது நமக்குப் போல் தானாக வருவதில்லை. ஒரு வயது ஆகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஒன்றரை வயதில், "அதோ நிலா, பார்!" என்று மற்றக் குழந்தைகள் விரலை நீட்டிக் காட்டுமே, அப்படிக் காட்டுவதில்லை. பேச்சு வரத் தாமதமாகலாம். வந்த பேச்சு நின்றும் போகலாம். கேட்ட வாக்கியத்தையே கிளிப்பிள்ளை மாதிரி திரும்பச் சொல்லலாம். தினம் போகும் தெரு மாறினால் தாங்காது. சில குழந்தைகளுக்குக் காது அபாரக் கூர்மை. நமக்குக் குக்கர் விசில் என்றால் பருப்பு வெந்ததற்கு அடையாளம். அவர்களுக்கு அது தலைக்குள் ஊசி குத்துகிற மாதிரி. அப்படியிருக்கக் கெட்டிமேளம் எப்படி இருந்திருக்கும்? அன்று அந்தப் பையன் அடம் பிடிக்கவில்லை. அவனுக்கு வலித்தது.

ஒரு குழந்தையைப் போல் இன்னொன்று இராது. சிலர் வாழ்நாள் முழுவதும் பேசுவதில்லை. சிலர் காலேஜில் படித்து உத்தியோகம் பார்க்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ஆம் வருஷத்தில் உலகத்தில் 127 பேருக்கு ஒருவர் இப்படி இருந்தார்கள். அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் ஐந்நூறு பேர் இருக்கும். கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.

சரி, இது எதனால் வருகிறது? இங்கேதான் நாம் வெட்கப்பட வேண்டிய ஒரு பழைய கதை இருக்கிறது. பெரியம்மாமார்கள் மட்டும் தாயாரைக் குறை சொல்லவில்லை; பெரிய பெரிய டாக்டர்களே சொன்னார்கள்!

1943-ஆம் வருஷம் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் லியோ கானர் என்ற டாக்டர், தாம் பார்த்த பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஆட்டிஸம் என்ற பெயர் உலகத்துக்குப் பரவியது அந்தக் கட்டுரையால்தான். இது பிறவியிலேயே உள்ளது என்று அவர் அப்போதே சொன்னார். ஆனால் அந்தக் குழந்தைகளின் பெற்றோரில் அன்பைக் காட்டத் தெரிந்தவர்கள் குறைவு என்றும் சேர்த்து எழுதி விட்டார். அந்த ஒரு பொறி போதாதா? ஐஸ் பெட்டி மாதிரி குளிர்ந்த மனசு படைத்த தாயாரால்தான் குழந்தை இப்படி ஆகிறது என்று வைத்தியர்கள் பேச ஆரம்பித்தார்கள். சிக்காகோவில் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967-இல் இதையே ஒரு பெரிய புஸ்தகமாக எழுதினார். இரவெல்லாம் கண் விழித்துக் குழந்தையைப் பார்த்துக் கொண்ட தாய்மார்களைப் பார்த்து, 'உனக்கு அன்பு இல்லை' என்று படித்தவர்கள் சொன்னால் அவர்கள் எங்கே போய் முட்டிக் கொள்வார்கள்?

அவர்கள் முட்டிக் கொள்ளவில்லை, கூடினார்கள். ஆட்டிஸம் உள்ள பிள்ளைக்குத் தகப்பனாரான பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற மனோதத்துவ அறிஞர், அதுவரை வந்த ஆராய்ச்சிகளையெல்லாம் படித்து, பெற்றோர் வளர்ப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று 1964-இல் ஒரு புஸ்தகம் வெளியிட்டார். மறு வருஷமே அமெரிக்கப் பெற்றோர்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அதற்கு முன்பே, 1962-இல், லண்டனில் சில பெற்றோர்கள் சங்கம் அமைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் லோர்னா விங். அவர் மனோவியாதி டாக்டர். ஆட்டிஸம் உள்ள பெண்ணுக்குத் தாயார். அந்தச் சங்கம் 1965-இல் தன் குழந்தைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடமே திறந்தது. 1969-இல் அமெரிக்கப் பெற்றோர்கள் கூட்டத்துக்கு வந்த டாக்டர் கானர், பெற்றோர்களாகிய உங்கள் மேல் குற்றமில்லை என்று பகிரங்கமாகத் தீர்ப்பு வழங்கினார். 1977-இல் லண்டனில் இரட்டைக் குழந்தைகளை வைத்து நடந்த ஆராய்ச்சி, இதில் வம்ச அணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்று காட்டிற்று. தடுப்பூசியால் வருகிறது என்று 1998-இல் ஒரு புரளி கிளம்பியது. அதற்கு ஆதாரமாக இருந்த கட்டுரையை வெளியிட்ட வைத்தியப் பத்திரிகையே 2010-இல் அதை வாபஸ் வாங்கிக் கொண்டது.

டாக்டர்கள் தாயாரை விடுதலை செய்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நம் கல்யாண மண்டபங்களுக்கு மட்டும் அந்தத் தீர்ப்பு இன்னும் வந்து சேரவில்லை!

இந்தக் கதையில் நான் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு படியிலும் காரியத்தை நடத்தியது தனியாக நின்ற தாயார் அல்ல. பத்துத் தாய்மார்கள் ஓரிடத்தில் உட்கார்ந்ததுதான். நம் தேசத்திலும் அப்படியே. தில்லியில் மெரி பருவா என்ற தாயார், தம் பிள்ளைக்கு வழி தேடி அலைந்தவர், 1991-இல் 'ஆக்ஷன் ஃபார் ஆட்டிஸம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 1994-இல் ஒரு பள்ளிக்கூடம் வந்தது. பிறகு அங்கே பெற்றோருக்கும் ஒரு வகுப்பு ஏற்பட்டது. குழந்தையைப் பள்ளியில் விட்டு விட்டுப் போகிற வகுப்பு அல்ல. தாயாரோ தகப்பனாரோ குழந்தையோடு கூட மூன்று மாதம் வந்து படிக்கிற வகுப்பு. வெளியூர்களிலிருந்தெல்லாம் வந்து, வீடு எடுத்துத் தங்கிப் படித்திருக்கிறார்கள்.

"அம்மாவுக்கு என்ன படிப்பு? நிபுணர்கள் அல்லவா சொல்லித் தர வேண்டும்?" என்று கேட்பீர்கள். நிபுணரிடம் குழந்தை இருப்பது வாரத்தில் இரண்டு மணி, மூன்று மணி. மீதி நேரமெல்லாம் நம் கூடத்திலும் சமையலறையிலும்தான். தவிர, எல்லாக் குழந்தைகளுக்கும் போதுமான நிபுணர்களுக்கு நாம் எங்கே போவது? கோவாவிலும் பாகிஸ்தானில் ராவல்பிண்டியிலும் இதற்கு ஒரு வழி செய்து பார்த்தார்கள். இரண்டு முதல் ஒன்பது வயது வரையுள்ள 65 குழந்தைகள். சொல்லிக் கொடுக்க வந்தவர்கள் டாக்டர்கள் அல்ல. அதற்கென்று பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்கள். ஆறு மாதத்தில் பன்னிரண்டு தடவை சந்திப்பு. 2016-இல் முடிவுகள் அச்சில் வந்தன.

அவர்கள் செய்தது மிகவும் எளிய காரியம். தாயார் குழந்தையோடு விளையாடுவதைப் படம் பிடித்தார்கள். பிறகு அந்தப் படத்தைத் தாயாரும் ஊழியரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள். எங்கே தப்புச் செய்தாய் என்று காட்டுவதற்கு அல்ல. எங்கே சரியாகச் செய்தாய் என்று காட்டுவதற்கு! "இதோ, இந்த இடத்தில் நிறுத்துங்கள். நீங்கள் பேசாமல் கொஞ்சம் காத்திருந்தீர்கள். அவன் உங்களைப் பார்த்தான், பார்த்தீர்களா?" என்கிற மாதிரி. பார்ப்பவர்களெல்லாம் குற்றம் சொல்லியே பழகிப் போன ஒருத்திக்கு, தான் சரியாகச் செய்ததை ஒருவர் எடுத்துக் காட்டினால் எப்படி இருந்திருக்கும்! தாய்மார்கள் குழந்தையின் போக்கை அறிந்து பேசக் கற்றார்கள். குழந்தைகளும் தாங்களாகவே தாயாரிடம் எதையாவது தெரிவிப்பது அதிகமாயிற்று. எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஓர் அம்சத்தில் எதிர்பார்த்த பலன் வரவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கதவு திறந்தது.

உலக சுகாதார நிறுவனமும் இப்படிப்பட்ட குடும்பங்களுக்காக ஒரு பாடம் வகுத்திருக்கிறது. பெற்றோர்கள் கூட்டமாக உட்கார்ந்து படிக்கிற வகுப்பு ஒன்பது. வீட்டுக்கு வந்து பார்ப்பது மூன்று தடவை. பாடப் புஸ்தகம் என்னவென்றால் நம் அன்றாட வீட்டு வேலையும் விளையாட்டும்தான்.

மேல் மாடிப் பெண் தான் கற்றதை எனக்கு அடுப்பங்கரையிலேயே செய்து காட்டினாள். குழந்தைக்குத் தோசை என்றால் பிரியம். முன்பெல்லாம் அவன் வாய் திறப்பதற்குள் தட்டில் போட்டு விடுவாளாம். இப்போது தோசையைத் திருப்பியில் எடுத்து, அவன் கண்ணுக்கு நேராகக் குனிந்து, ஒரே ஒரு வார்த்தை சொல்கிறாள்: "தோசை." பிறகு காத்திருக்கிறாள். மனசுக்குள் ஐந்து எண்ணுகிறாள். அவன் பார்த்தாலும் சரி, கையை நீட்டினாலும் சரி, "தோ" என்றாலும் சரி, உடனே தட்டில் விழுகிறது. "இந்தக் காத்திருப்பதுதான் அக்கா கஷ்டம்; அம்மாவுக்குக் கை பரபரக்கிறதே!" என்று சிரித்தாள். சுவரில் வரிசையாகப் படங்கள் ஒட்டியிருந்தன: பல் தேய்ப்பது, குளிப்பது, சாப்பிடுவது, பள்ளிக்கூடம். இன்று என்ன நடக்கும் என்று முன்னால் தெரிந்தால் அவனுக்குப் பயம் குறைகிறது. மிக்ஸியைப் போடுவதற்கு முன், "சத்தம் வரும்" என்று சொல்கிறாள். அவன் தானே போய்க் காது மூடியை எடுத்து மாட்டிக் கொள்கிறான்.

"இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று கேட்டேன்.

"பாதி டாக்டர் சொன்னது. பாதி, வகுப்பு வாசல் பெஞ்சியில் காத்திருக்கும்போது மற்ற அம்மாக்கள் சொன்னது" என்றாள். "காது மூடி யோசனை ஓர் ஆட்டோக்காரர் மனைவி சொன்னது. தோசை யோசனையை நான் இன்னொரு அம்மாவுக்குச் சொன்னேன். அவள் அதைப் பூரிக்குச் செய்கிறாள்!" பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்து விட்டுச் சொன்னாள்: "அந்தப் பெஞ்சியில்தான் அக்கா நான் மன்னிப்புக் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறேன். மற்ற இடத்திலெல்லாம் யாரிடமாவது மன்னிப்புக் கேட்டுக் கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது."

இந்த வார்த்தையைக் கேட்ட பிறகு எனக்குத் தோன்றியது இதுதான்: இத்தகைய குடும்பத்துக்கு நம்மிடமிருந்து வேண்டியது உபதேசம் அல்ல, அந்தப் பெஞ்சியைக் கொஞ்சம் நீளமாக்குவது. உபதேசம் செய்ய நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்தக் கோவிலில் விளக்குப் போடு, அந்தப் பச்சிலையை அரைத்துக் கொடு என்று ஆளுக்கு ஒன்று சொல்லி விடுகிறோம். எப்போது குணமாகும் என்று வேறு கேட்கிறோம். இது குணமாக வேண்டிய வியாதி அல்ல; குழந்தை கற்றுக் கொண்டு வளரும், தன் வழியில், தன் வேகத்தில். குணப்படுத்துகிறேன் என்று பணம் கேட்பவரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

பின் என்ன செய்யலாம்? அவனுக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று தாயாரைக் கேளுங்கள். உங்கள் வீட்டில் சுவரில் துளை போடுகிற நாளா? முதல் நாளே சொல்லி அனுப்புங்கள். அவன் பதில் சொல்லாவிட்டாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுங்கள். உங்கள் குழந்தைகளுக்கு விஷயத்தைச் சொல்லுங்கள். நம்மை விட அவர்கள் சீக்கிரம் புரிந்து கொள்கிறார்கள். அவன் உங்களிடம் பழகிய பிறகு, வாரத்தில் ஒரு மணி நேரம் நான் பார்த்துக் கொள்கிறேன் என்று சொல்லுங்கள். அந்தத் தாயார் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து எத்தனை நாள் ஆயிற்றோ! அவனுக்குத் தங்கை தமக்கை இருந்தால் அவர்களையும் மறக்க வேண்டாம். எல்லோரும் அண்ணனையே கவனிக்கிற வீட்டில் அந்தச் சின்னப் பெண்ணின் பள்ளிக்கூடப் பரிசைப் பார்த்து மெச்ச ஒருவர் வேண்டும்.

உங்கள் வீட்டுக் குழந்தையிடமே மேலே சொன்ன அடையாளங்கள் இருப்பதாகச் சந்தேகமா? "அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்" என்று பாட்டி சொல்லலாம், காத்திருக்காதீர்கள். குழந்தை வைத்தியரிடம் காட்டிக் காதையும் பரிசோதித்துக் கொள்ளுங்கள். சென்னைக்கு அருகில் முட்டுக்காட்டில் பல வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. சட்டமும் துணைக்கு உண்டு. 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிஸமும் ஒன்று. அந்தச் சட்டப்படி, சர்ட்டிபிகேட்டில் நாற்பது சதவிகிதமோ மேலோ குறைபாடு என்று இருந்தால், ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. 1999-இல் ஏற்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் 'நிராமயா' என்ற வைத்திய இன்ஷ்யூரன்ஸ் ஒரு லட்ச ரூபாய் வரை கிடைக்கிறது. 'எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?' என்பது ஒவ்வொரு தாயாரும் இரவில் தனியாகக் கேட்டுக் கொள்ளும் கேள்வி. பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆன பின் சட்டபூர்வமான காப்பாளரை நியமிக்கவும் அதே சட்டத்தில் ஜில்லாக் கலெக்டர் அடங்கிய கமிட்டி இருக்கிறது. ஆனால் காப்பாளராக இருக்கச் சம்மதிக்க ஒரு மனிதர் வேண்டுமே! அவரைச் சட்டம் கொண்டு வந்து கொடுக்காது. உற்றாரும் அண்டை அயலாரும்தான் கொடுக்க வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் இப்போது மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, மொட்டை மாடியில் பாய் விரித்து நாலு அம்மாக்கள் கூடுகிறார்கள். இரண்டு பேர் அடுத்த தெருவிலிருந்து வருகிறார்கள். ஓர் அப்பாவும் வருகிறார். முதல் நாள் படியிலேயே நின்றார், போன மாதம் பாயில் உட்கார்ந்து விட்டார். எனக்கு அங்கே பேசும் உத்தியோகம் கிடையாது. காபி போடும் உத்தியோகம். நல்ல உத்தியோகந்தான்.

ஆவணியில் எங்கள் வீட்டில் ஒரு வளைகாப்பு நடந்தது. முதல் நாளே மேலே போய், "எத்தனை மணிக்குப் பாட்டு, எத்தனை மணிக்குக் கூட்டம்" என்று சொல்லி விட்டு வந்தேன். பின் அறையைக் காலி செய்து விசிறியைப் போட்டு வைத்தோம். பையன் வந்தான். கூடத்தில் பத்து நிமிஷம் இருந்தான்; பிறகு பின் அறைக்குப் போய், வளையல் பெட்டியைக் கொட்டி, பச்சை தனி, சிவப்பு தனி, மஞ்சள் தனியாக அடுக்கி விட்டான். வளையல் போட உட்கார்ந்த மாமி, "அடேயப்பா, எனக்கு வேலை மிச்சம்!" என்றாள். அன்று கல்யாணத்தில் பேசிய அதே பெரியம்மாவும் வந்திருந்தார். தம் பங்குக்கு இரண்டு பச்சை வளையல்களைக் கொண்டு போய் அவன் முன்னால் வைத்தார். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் வளையல்களை எடுத்துப் பச்சையோடு சேர்த்து வைத்தான்.

அவன் தாயார் அன்று கடைசிப் பந்தி வரை இருந்து, உட்கார்ந்து, சாப்பிட்டு விட்டுப் போனாள்.

சகோதரிகளே, அடுத்த முறை ஒரு கூட்டத்தில் இப்படி ஒரு குழந்தையின் அலறல் கேட்கும். கேட்டால் தலை தானாகத் திரும்பும். அதை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் திரும்பிய பிறகு வெறுமே பார்த்துக் கொண்டிராமல் எழுந்து போய், "நான் என்ன செய்யட்டும், அம்மா?" என்று கேட்கலாம் அல்லவா?